தியானம் மட்டும் போதுமா?

கண்ணை மூடி உட்கார்ந்தால் ஞானம் தானாக ஊறிவிடும் என்ற எண்ணம் இன்று பரவலாக இருக்கிறது. பௌத்த மரபு அப்படிச் சொல்லவில்லை. கேட்டறிவது, சிந்தித்தறிவது, பயிற்சியால் அறிவது என ஞானத்தை அது மூன்றாகப் பிரிக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கமும் முதலில் ஒழுக்கம், பிறகு மன ஒருமை, அதன்மேல்தான் ஞானம் என்று வரிசை வகுக்கிறது. நம் மணிமேகலையில் இது இன்னும் தெளிவு. 30 காதைகள் கொண்ட அந்தக் காப்பியத்தின் 27ஆம் காதையில் வஞ்சி நகரில் பல சமயத்தார் கொள்கைகளையும் நாயகி மணிமேகலை கேட்கிறாள். 29இல் காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்கு அளவை நெறியையும் (தருக்க முறை), போலி வாதங்களை இனங்காணும் முறையையும் கற்பிக்கிறார். (வாசகர்கள் சலித்துத் தாண்டிப்போவதும் இதைத்தான்!) அதற்குப் பிறகே, கடைசிக் காதையில், துன்பத்தின் காரணச் சங்கிலியான பன்னிரு நிதானங்களும் நோன்பும்.

வாதத் திறமை வந்தால் செருக்கல்லவா வளரும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காலாமர் என்ற குலத்தாருக்குப் புத்தர் சொன்ன அறிவுரையில், மரபு, நூல் ஆகியவற்றோடு வெறும் தருக்கமும் அப்படியே நம்பத் தகாதவற்றின் பட்டியலில் வருகிறது. ஆசையும் வெறுப்பும் மயக்கமும் மனிதனுக்கு நன்மை தருகின்றனவா, கேடு தருகின்றனவா என்று தாமே உரசிப் பார்க்கச் சொல்கிறார் அவர். தியானம் இங்கேதான் தேவைப்படுகிறது: தன்னுள் கோபம் எழுந்து அடங்குவதைக் கவனித்தறியாதவருக்கு நிலையாமை வெறும் மனப்பாடம். ஆனால் கேளாமல், யோசியாமல் அமர்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது அமைதி மட்டுமே. அது நல்லதுதான், ஆனால் போதாது. ஆழ்ந்த சமாதி நிலைகளைக் கற்றுத்தந்த ஆளார காலாமரையும் உத்தக ராமபுத்தரையும் விட்டுச் சித்தார்த்தர் வெளியேறியது இந்தப் போதாமையால்தான்.