தோளில் ஏறும் கவலை

பாரம் தூக்காமலேயே தோள்பட்டை வலிக்குமா? வலிக்கும். சுவீடனில் உல்ஃப் லுண்ட்பெர்க் குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், மனக்கணக்குப் போடச் சொன்னபோதே, கழுத்திலிருந்து தோள்வரை விரியும் தசையில் மின்செயல்பாடு கூடியது. நெருக்கடியை உணர்ந்ததும் உடல் தற்காப்புக்காகத் தசையை இறுக்குகிறது. நெருக்கடி நாள் முழுதும் நீடித்தால் சில தசை இழைகளுக்கு ஓய்வே கிடைக்காமல் வலி உண்டாகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அப்படியானால் இந்த வலி வெறும் மனப்பிரமைதானே என்று சிலர் கேட்பதுண்டு. கருவியில் பதிவாகும் இறுக்கத்தைப் பிரமை என்பது நியாயமே இல்லை. உட்காரும் முறைதான் காரணம் என்பாரும் உண்டு. அதற்கும் பங்கு உண்டு, ஆனால் நாற்காலியை மாற்றினால் மட்டும் போதாது, வேலைக்கு நடுவே தோளைத் தளர்த்தச் சிறு இடைவெளியும் வேண்டும். கை மரத்துப்போனாலோ நெஞ்சு வலித்தாலோ, மனஅழுத்தம்தான் என்று தள்ளிப்போடாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.