பட்டறையும் கடைவீதியும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதைத் தென்காசியில் வாழ்பவர்கள் இப்போது இரண்டு அறிகுறிகளால் தெரிந்துகொள்கிறார்கள். மேற்கு மலையின் முகடுகள் மேகத்தில் மறைவதும், ஆரியங்காவுக் கணவாய் வழியே ஈரக்காற்று வந்து முகத்தில் படுவதும் பழைய அறிகுறி. வெடி வெடித்தாற்போன்ற முழக்கத்துடன் மோட்டார் சைக்கிள்கள் அணிவகுத்து ஐந்தருவிச் சாலையில் விரைவது புதிய அறிகுறி.

மாணவ நண்பர்களே, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்தால் கண்டிக்கத்தான் வந்திருப்பார் என்று நீங்கள் எண்ணக்கூடும். சிறிது கண்டிக்கவும் போகிறேன். ஆனால் அதற்கு முன், என்னிடம் படித்த ஒருவர் தென்காசியில் நடத்தும் பட்டறைக்கு உங்களை அழைத்துச் செல்ல வேண்டும். பழைய புல்லட் வண்டிகளைப் பிரித்து, பழுது நீக்கி, உடையவரின் விருப்பத்திற்கேற்ப மீண்டும் உருவாக்கித் தருவது அவர் தொழில்.

புல்லட்டின் வரலாறு நம் நாட்டோடு நெருங்கியது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் இருந்த ராயல் என்பீல்டு நிறுவனத்தாரிடம் நம் அரசு 1954-ஆம் ஆண்டில் இராணுவத்திற்காக 350 சி.சி. புல்லட் வண்டிகளை வாங்க முன்வந்தது. மறு ஆண்டே மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாருடன் சேர்ந்து சென்னையில் என்பீல்டு இந்தியா தோன்றியது. பின்னர் ரெட்டிச்சிலிருந்த தாய் நிறுவனம் மறைந்தது. திருவொற்றியூரில் பிள்ளை வளர்ந்தது. ஆகவே, இங்கிலாந்து கைவிட்ட வண்டியை நாம் காத்தோம் என்று பெருமை கொள்வதில் தவறில்லை.

அந்தப் பழைய வண்டியின் எஞ்சினில் சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். நாற்பது ஆண்டுகள் ஓடிய சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்து வட்டம் கெட்டுப் போயிருக்கும். அதை லேத்துப் பட்டறையில் மறுபடி கடைந்து, புதிய பிஸ்டனைப் பொருத்த வேண்டும். இரண்டிற்கும் இடையே விடும் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குதான். குறைந்தால், சூட்டில் விரிந்த பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மிகுந்தால் எண்ணெய் புகையும். சக்கரத்தில் கோட்டம் எடுப்பதோ இன்னும் பொறுமையான வேலை. சைக்கிள் கடையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, ஒலியைக் கேட்டு, எது தளர்ந்தது, எது முறுகியது என்று அறிந்து திருகுவார் அவர். வீணைக்குச் சுருதி சேர்ப்பவரைப் பார்ப்பது போல் இருக்கும்.

இவ்வளவும் வெளியே தெரியாதவை. வண்டி நிற்கும்போது பார்ப்பவர் கண்ணில் படுவது பெட்ரோல் தொட்டியின் மினுக்கம் ஒன்றுதான்! தகரத்தின் நெளிவை நிமிர்த்தி, பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பட்டி பார்த்து என்று அந்த மினுக்கத்திற்குப் பின்னும் ஒரு வார உழைப்பு இருக்கிறது. தொட்டியின் ஓரத்தில் ஓடும் பொன்னிறக் கோடுகளைத் திருவொற்றியூர் ஆலையிலேயே தொழிலாளர்கள் மெல்லிய தூரிகையால், அளவுகோல் இன்றி, கைப்பிடிப்பிலேயே வரைந்து வந்தார்கள். ஒரே குடும்பத்தில் தலைமுறைதோறும் அந்தக் கை தொடர்ந்தது என்பது பலரும் அறிந்த செய்தி. குற்றாலத்துச் சித்திர சபைச் சுவர்களின் முன் நின்றவர்களுக்கு, ஒரே வீச்சில் இழுத்த கோட்டின் அருமை விளங்கும்.

ஆலை என்றாலே கைவினைக்குப் பகை என்று சொல்லிவிட முடியாது என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டேன். ஒரே அளவில் ஆயிரக்கணக்கான பிஸ்டன்களை ஆலை செய்து தராவிட்டால், தென்காசிப் பட்டறையில் எந்த வண்டியும் உயிர் பெறாது. வாணிகம் எங்கே கெடுக்கிறது என்பதை அறிய இங்கிலாந்துக்குச் செல்வோம்.

1950-களிலும் 60-களிலும் அந்நாட்டு இளைஞர்கள் சிலர் நார்ட்டன் வண்டியின் உறுதியான சேஸிஸில் டிரையம்ப் எஞ்சினைப் பொருத்தி, இரு பெயர்களையும் கலந்து அதை டிரைட்டன் என்று அழைத்தார்கள். கைப்பிடியைத் தாழ்த்தினார்கள், கால் வைக்கும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். எல்லாம் வீட்டுக் கொட்டகையில் நடந்தவை. காற்றைக் கிழித்துச் செல்லும்போது உடல் குனிந்திருக்க வேண்டும். அதற்காகவே கைப்பிடி தாழ்ந்தது. 1961-இல் அந்நாட்டில், பயிற்சி உரிமம் உள்ளவர்கள் 250 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியை ஓட்டக்கூடாது என்று விதி வந்தது. சில ஆண்டுகளில் ராயல் என்பீல்டு நிறுவனத்தார் அந்த 250 சி.சி. அளவிலேயே, சிவந்த தொட்டியும் தாழ்ந்த கைப்பிடியுமாகக் கான்டினென்டல் ஜி.டி. என்ற வண்டியைச் செய்து விற்றார்கள். நல்ல வண்டிதான், ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆயினும் கொட்டகையில் வண்டி செய்தவனுக்குக் கைப்பிடி ஏன் தாழ்ந்தது என்று தெரியும். கடையில் வாங்கியவனுக்கு அது தெரிய வேண்டிய தேவை இல்லை. அவனுக்கு வடிவம் கிடைத்தது. காரணம் கொட்டகையிலேயே தங்கிவிட்டது.

காரணம் தங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் ஐந்தருவிச் சாலையில் கேட்கிறோம். சைலன்சருக்குள் உள்ள தடுப்புகள் எஞ்சினிலிருந்து துடிதுடித்து வரும் புகையின் அழுத்தத்தை உடைத்து ஓசையைத் தணிக்கின்றன. அவற்றை அறுத்தெறிந்தால் முழக்கம் வரும். வலிமை வருமென்பது பெரும்பாலும் மயக்கம். புகை போகும் வழி மாறும்போது, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையின் அளவையும் மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் பெட்ரோல் குறைந்து காற்று மிகும், எஞ்சின் கொதிக்கும். சில வேளைகளில், மலைச் சாலையிலேயே பிஸ்டன் இறுகி நின்றுவிடும். சைலன்சரை விற்கும் கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. அவர் கணக்கு விற்றவுடன் முடிந்துவிடுகிறது.

இது சட்டத்திற்கும் மாறானது. தயாரித்தவர் குறித்த விவரங்களினின்று மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தம், அவ்வாறான ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என விதித்தது. இரண்டும் சேர்ந்தும் வரலாம். பழைய வண்டியை அதன் பழைய நிலைக்கு மீட்பதற்கு இதனால் தடை இல்லை.

சென்ற சாரல் காலத்தில் நான் பட்டறையில் இருந்தபோது வெளியூர் இளைஞர்கள் நால்வர் வந்தார்கள். நான்கு சைலன்சர்களையும் மாலைக்குள் அறுத்துத் தர வேண்டும் என்றார்கள். பணம் எவ்வளவானாலும் சரி என்றார்கள். "அந்த வேலை இங்கே செய்வதில்லை, தம்பி" என்று அவர் சொல்லிவிட்டார். அவர்கள் வேறு கடையைத் தேடிப் போனார்கள்.

"நால்வர் கொடுக்க இருந்த பணம் இந்த மாத வாடகை, சார்" என்றார் என்னிடம். "மூன்று மாதமாகப் பிரித்து வைத்திருக்கும் இந்த வண்டிக்கு இன்னும் முன்பணம்தான் வந்திருக்கிறது."

எனக்குப் பதில் சொல்ல நாவெழவில்லை. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. அவர் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, ஆய்வுக்கூடத்தில் பழுதாகிக் கிடந்த கடிகாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் அவர் தந்தையாரை வரவழைத்து, "இந்தக் கைக்குறும்பை நிறுத்தினால்தான் பையன் உருப்படுவான்" என்றேன். ஆசிரியப் பயிற்சியில், கையால் செய்து கற்பதே கல்வி என்று தேர்வுக்குப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்! அந்தக் கடிகாரத்தை அவர் மறுநாள் ஓடவைத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் அப்போதும் பாராட்டவில்லை.

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், இதைப் பிற்காலத்தில் காப்பவர்களின் அடியைத் தான் வணங்குவதாகக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறான். புதிதாகக் கட்டுபவனைவிடப் பழுது பார்ப்பவனுக்கு ஒரு மன்னன் கொடுத்த அந்த மதிப்பை, பள்ளியில் நான் கொடுக்கவில்லை.

பட்டறைக்கு இப்போது வேலை கற்க ஆள் கிடைப்பதில்லை. தெரிந்த பள்ளிகளில் சொல்லி, படிப்பை முடித்த இருவரை நான் அனுப்பி வைத்தேன். ஒருவர் இரண்டு வாரத்தில் கைப்பேசிக் கடைக்குப் போய்விட்டார்; அங்கே சம்பளம் அதிகம், குறை சொல்ல இயலாது. மற்றவர் இருக்கிறார். சென்ற வாரம் போனபோது தரையில் சம்மணமிட்டு அமர்ந்து சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார். கோட்டம் இன்னும் முழுவதும் போகவில்லை. மூன்றாம் முறையாகக் கம்பியைத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.