உடற்பேறு குறைந்தோர் வாழும் இல்லமும் வீட்டு வரியும்

விடியுமுன்னே பெரட்டுக்குச் சென்று, நாள்தோறும் நூற்றுக்கணக்கான பால்மரங்களை வெட்டி, மேடு பள்ளம் பாராது காண்டாவில் பால் சுமந்த கால்கள் ஒருநாள் நடக்க இயலாமற் போகலாம். நீரிழிவு நோயால் காலை இழந்தோரும், வாத நோயால் ஒருபுறம் செயலிழந்தோரும், விபத்தில் முதுகெலும்பு முறிந்தோரும் நம் குடும்பங்களில் இருக்கின்றனர். பிறவியிலேயே உடற்பேறு குறைந்த பிள்ளைகளும் உள்ளனர்.

இத்தகைய ஒருவர் சக்கர நாற்காலியில் வீடு திரும்பும் நாளில்தான் நம் வீட்டின் குறைகள் கண்ணுக்குப் புலப்படுகின்றன. வாயிற்படி உயரமாயிருக்கிறது, கழிவறைக் கதவு குறுகலாயிருக்கிறது, படுக்கை அறையோ மாடியில் இருக்கிறது. ஆகவே, குடும்பத்தார் சேமிப்பைச் செலவிட்டு வாயிலில் சாய்வுப் பாதை அமைக்கின்றனர். கீழ்த்தளத்தில் ஓர் அறையும் கழிவறையும் கட்டுகின்றனர். “இதற்காக வீட்டு வரி உயருமா? அல்லது வரியில் சலுகை ஏதும் கிடைக்குமா?” என்னும் வினா அவர்களுக்கு அப்போது எழுகிறது. இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரி செலுத்த வேண்டியவர் யார்?

முதலில் இரு வரிகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். நில வரி என்பது நில அலுவலகத்தின் வழியாக மாநில அரசுக்குச் செலுத்தப்படுவது. வீட்டு வரி எனப்படும் மதிப்பீட்டு வரியோ ஊராட்சி மன்றத்துக்குரியது. குப்பை அள்ளுதல், கால்வாய் துப்புரவு, தெருவிளக்கு போன்ற பணிகளுக்கு இவ்வரிப்பணம் பயன்படுகிறது. ராசா வட்டார மக்களுக்குரிய ஊராட்சி மன்றம் சிரம்பான் மாநகர் மன்றமாகும். சிரம்பான், நீலாய் ஆகிய இரு நகராண்மைக் கழகங்களும் இணைந்து 2020ஆம் ஆண்டில் இம்மன்றம் உருவாயிற்று.

மதிப்பீட்டு வரியைச் செலுத்தும் பொறுப்பு சொத்தின் உரிமையாளரைச் சேர்ந்தது. எனவே, தோட்ட லயத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கு இவ்வரிச் சீட்டு வருவதில்லை. அவர் தம் வீட்டில் மாற்றம் செய்ய விரும்பினால் முதலில் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்து மூலம் இசைவு பெற வேண்டும். ஆனால், தோட்டத்தைவிட்டு வெளியேறித் தாமான் வீடு வாங்கியவர்களுக்கும், ஓய்வு பெற்றபின் பிள்ளைகளின் சொந்த வீட்டில் வாழ்வோருக்கும் இவ்வரி நேரடியாகத் தொடர்புடையது. ராசா வட்டாரத்தில் முன்னர் பால்மரக் காடுகளாயிருந்த நிலங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டமையால், இத்தகையோரின் தொகை சிறிதன்று.

வரி கணக்கிடப்படும் முறை

தீபகற்ப மலேசியாவில் இவ்வரிக்கு அடிப்படை 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டமாகும். ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு வாடகை கிடைக்கும் என்று மதிப்பிடுவர். அதுவே ஆண்டு மதிப்பு. அம்மதிப்பில் குறிப்பிட்ட விழுக்காடு வரியாக விதிக்கப்படும். சட்டப்படி அது 35 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. நடைமுறையில் குடியிருப்பு வீடுகளுக்கு இதைவிட மிகக் குறைந்த விகிதமே விதிக்கப்படுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். விளக்கத்துக்காக மட்டும், மாத வாடகை 500 வெள்ளி என்றும் வரி விகிதம் 8 விழுக்காடு என்றும் கொள்வோம். ஆண்டு மதிப்பு 6,000 வெள்ளி. வரி 480 வெள்ளி. அரையாண்டுக்கு 240 வெள்ளி செலுத்த வேண்டும். இனி, நோயாளிக்கென ஓர் அறை கட்டியதால் மாத வாடகை மதிப்பு 50 வெள்ளி உயர்ந்தது என்று வைத்துக்கொண்டால், ஆண்டு மதிப்பு 6,600 வெள்ளியாகும். வரி 528 வெள்ளியாகும். அதாவது, நடக்க இயலாதவருக்காகக் கட்டிய அறையின் பொருட்டு ஆண்டுதோறும் 48 வெள்ளி கூடுதலாகச் செலுத்த நேரும். உழைக்கும் கை ஒன்று குறைந்துவிட்ட குடும்பத்துக்கு இது சுமையன்றோ?

பிரிட்டனில் உள்ள ஏற்பாடு

இந்நியாயத்தை உணர்ந்து பிரிட்டனில் தனி விதியே செய்திருக்கின்றனர். அங்கு 1993ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள மன்ற வரியில், இங்கிலாந்தின் வீடுகள் மதிப்புக்கேற்ப எட்டுப் படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. உடற்பேறு குறைந்தவர் ஒருவர் நிலையாக வாழும் வீட்டில் அவருடைய தேவைக்கென முதன்மையாகப் பயன்படும் தனி அறையோ, இரண்டாவது குளியலறை அல்லது சமையலறையோ, வீட்டினுள் சக்கர நாற்காலி இயங்குவதற்கான இடமோ இருந்தால், அவ்வீட்டுக்கு அடுத்த கீழ்ப்படியின் வரியே விதிக்கப்படும். நான்காம் படியில் உள்ள வீட்டுக்கு 1,800 பவுன் வரி எனக் கொண்டால், மூன்றாம் படிக்குரிய 1,600 பவுன் செலுத்தினால் போதும். மிகக் கீழ்ப்படியில் இருந்த வீடுகளுக்கு முதலில் இச்சலுகை இல்லாதிருந்தது. 2000ஆம் ஆண்டில் அக்குறையும் நீக்கப்பட்டது.

இவ்விதியில் நாம் கருத்தில் கொள்ளத்தக்கவை இரண்டு. குடும்பத்தின் வருமானம் இதற்குக் கணக்கிடப்படுவதில்லை. மேலும், வரி செலுத்துபவரே உடற்பேறு குறைந்தவராக இருக்கவேண்டும் என்பதுமில்லை. அவ்வீட்டில் வாழும் குழந்தையாயினும் முதியவராயினும் சலுகை உண்டு. ஆயினும், அங்கும் விண்ணப்பம் செய்தவர்க்கே இது கிட்டுகிறது.

நம் நாட்டில் உள்ள வழிகள்

நம் நாட்டின் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில், மாற்றியமைக்கப்பட்ட வீட்டுக்குத் தானாகவே வரி குறையும் என்னும் விதி இல்லை. எனினும், வழி முற்றிலும் அடைபட்டுவிடவில்லை.

முதல் வழி, சலுகை கோரி விண்ணப்பித்தல். வரியைக் குறைக்கவோ விலக்களிக்கவோ மாநில அரசுக்குச் சட்டம் அதிகாரம் வழங்குகிறது. நாட்டின் ஊராட்சி மன்றங்கள் சில, உடற்பேறு குறைந்தோராகப் பதிவு பெற்ற வீட்டுரிமையாளர்களுக்குக் கழிவு வழங்கியுள்ளன. கழிவின் அளவும் நிபந்தனைகளும் மன்றத்துக்கு மன்றம் வேறுபடும். ஆதலால், அண்டை மாநிலத்து உறவினர் கூறும் கணக்கை நம்பியிராமல், நமக்குரிய மன்றத்தின் மதிப்பீட்டுப் பிரிவில் நேரில் விசாரித்தறிவதே முறையாகும்.

இரண்டாவது வழி, மதிப்பீட்டை ஆட்சேபித்தல். புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாராகும்போதும், வீட்டில் செய்த மாற்றத்துக்காக மதிப்பு திருத்தப்படும்போதும், மன்றம் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பும். வீட்டின் மதிப்பு அளவுக்கு மிஞ்சிக் கணக்கிடப்பட்டுள்ளது எனக் கருதினால், அறிவிப்பில் குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். சாய்வுப் பாதையும், சுவரில் பொருத்திய கைப்பிடியும், அகலமாக்கிய கதவும் வீட்டின் பரப்பைப் பெருக்குவதில்லை. அவற்றால் வாடகை மதிப்பு உயராது என எடுத்துரைக்கலாம். தவணை தவறினால் நியாயமான காரணமும் பயனற்றுப்போகும்.

செய்ய வேண்டியவை

எவ்வழியில் சென்றாலும் முதலில் வேண்டுவது, ஓ.கே.யு. அட்டை என மக்கள் வழங்கும் பதிவு அட்டையாகும். இதனைச் சமூகநலத் துறை வழங்குகிறது. 2008ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம் இப்பதிவுக்கு அடிப்படை. விண்ணப்பப் பாரத்தில் மருத்துவரின் சான்று பெற்று மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். பதிவுக்குக் கட்டணமில்லை, ஆகவே, “நான் முடித்துத் தருகிறேன்” என்று பணம் கேட்போரிடம் ஏமாற வேண்டாம்.

அடுத்து, வரிச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காலஞ்சென்ற தந்தையின் பெயரிலேயே அது இருக்குமாயின், பெயர் மாற்றத்துக்கான வழியை மன்றத்திலும் நில அலுவலகத்திலும் கேட்டறிந்து விரைவில் செய்துகொள்ள வேண்டும். அதன்பின், ஓ.கே.யு. அட்டை, அடையாளக் கார்டு, அண்மைய வரிச் சீட்டு ஆகியவற்றின் நகல்களுடனும் மாற்றியமைத்த பகுதிகளின் புகைப்படங்களுடனும் விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையிட்ட நகல் ஒன்றை வாங்கிப் பத்திரப்படுத்துவது அவசியம்.

வீட்டை மாற்றியமைக்குமுன் மன்றத்தின் கட்டடப் பிரிவில் விசாரிப்பதும் இன்றியமையாதது. அறை கட்டுதல் போன்ற வேலைகளுக்கு 1974ஆம் ஆண்டின் சாலை, கால்வாய், கட்டடச் சட்டப்படி முன் அனுமதி தேவை. சாய்வுப் பாதை ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்னும் கணக்கில் அமைதல் நன்று. அதைவிடச் செங்குத்தாயிருந்தால் சக்கர நாற்காலியைத் தள்ளுவது கடினம், இறங்கும்போது ஆபத்துமாகும். நீளம் வேண்டுமென்று வேலிக்கு அப்பால் பொதுக் கால்வாயின்மீது கட்டிவிடலாகாது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. விண்ணப்பம் கொடுத்துவிட்டோம் என்பதற்காக வரி கட்டுவதை நிறுத்திவிடுதல் கூடாது. அரையாண்டு வரியை முறையே பிப்ரவரி, ஆகஸ்டு மாத இறுதிக்குள் செலுத்த வேண்டும். தவறினால் அபராதமும் அறிவிப்பும் வரும். அதன்பின் வாரண்டு பெற்று வீட்டுச் சாமான்களைக் கைப்பற்றவும் சட்டத்தில் இடமுண்டு. சலுகை கேட்கச் சென்ற குடும்பம் இத்துன்பத்துக்கு ஆளாதல் ஆகாது.

நடக்க இயலாதவருக்குச் சாய்வுப் பாதை ஆடம்பரப் பொருளன்று. பிறர் தயவின்றி அவர் தம் வீட்டு வாயிலைக் கடக்க உதவும் வழி அது. அதனை அமைத்த குடும்பத்தினர் அச்சத்தாலோ கூச்சத்தாலோ வாளாவிருத்தல் வேண்டாம். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வரிச் சீட்டை எடுத்துப் பெயரையும் தொகையையும் தேதியையும் பெற்றோருக்குப் படித்துக் காட்டட்டும். அண்டை வீட்டில் இத்தகையவர் இருப்பின், ஓ.கே.யு. அட்டை பெற்றுவிட்டாரா என்று நாமும் கேட்டு, பெறாதிருந்தால் சமூகநல அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வோமாக.