குளிசையிலிருந்து ஊசிக்கு



பல வருடங்களாகச் சீனி வருத்தத்துக்குக் குளிசை பாவித்து வரும் வாப்பாவிடம், "இனி இன்சுலின் ஊசிக்கு மாறுவோம்" என்று கிளினிக்கில் வைத்தியர் கூறுகிறார். அன்று வீடே மையித்து வீடு போலாகி விடுகிறது. ஊசி போட்டவர்களில் யாருக்குக் காலை வெட்டினார்கள், யாருக்குச் சிறுநீரகம் பழுதானது என்று அயலவர்கள் கணக்குச் சொல்லத் தொடங்குகிறார்கள். அந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்படும் காலத்திலேயே, இன்சுலினைச் சுரக்கும் சதையிக் கலங்களின் ஆற்றல் பலரில் பெருமளவு குறைந்திருக்கும். எஞ்சியதும் ஆண்டுக்காண்டு குறைந்து செல்கிறது. கிளிக்லசைட் போன்ற குளிசைகள் எஞ்சிய கலங்களை உந்திச் சுரக்கச் செய்பவை. மெட்போமின், ஈரல் வெளிவிடும் சீனியைக் குறைப்பது. வற்றிய கிணற்றில் எத்தனை முறை வாளியை இறக்கினாலும் என்ன வரும்? உடல் சுரக்காததை வெளியிலிருந்து கொடுப்பதே ஊசி. வாப்பா பத்தியத்தில் தவறிவிட்டார் என்பதற்கான தண்டனை அன்று அது. பலருக்கு இரவில் ஒரு தடவை, 10 அலகளவில் தொடங்குவார்கள்; மெட்போமினும் பெரும்பாலும் தொடரும்.

காலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது ஊசியல்ல, ஆண்டுக்கணக்கில் இறங்காதிருந்த சீனியே. பயந்து பயந்து தள்ளிப்போட்டு, காலில் புண் வந்த பின்னர் ஊசியை ஏற்றவரைப் பார்த்தே அயலவர்கள் கணக்கெழுதி விட்டார்கள்.

"அது பன்றியிலிருந்து எடுப்பதாமே?" என்ற கேள்வி நம்மவரிடையே இன்னமும் உண்டு. கேள்வி நியாயமானது. 1922 ஜனவரியில் கனடாவின் டொரொன்டோ நகரில் லெனாட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு ஏற்றப்பட்ட முதல் இன்சுலின், மாட்டின் சதையியிலிருந்து பெறப்பட்டது. பின்னர் பல தசாப்தங்கள் மாடும் பன்றியுமே அதன் மூலங்களாக இருந்தன. 1982 முதல், மனித இன்சுலினுக்குரிய மரபணுவை நுண்ணுயிர்களில் புகுத்தித் தயாரிக்கும் முறை பாவனைக்கு வந்தது. இன்று பெரும்பாலும் கிடைப்பது இம்முறையில் தயாராவதே. ஐயமிருப்பின் பெட்டியில் எழுதப்பட்டிருப்பதை வாசித்துப் பாருங்கள், மருந்தாளரிடமும் கேளுங்கள்.

இளைஞர்களே, இங்கு உங்கள் கண்களுக்கு வேலை இருக்கிறது. 100 அலகு இன்சுலினுக்கு 100 அலகு ஊசியையே பாவிக்க வேண்டும். வேறு ஊசியில் அளந்தால் அளவு பிழைத்து விடும். வாப்பாவின் மங்கிய பார்வைக்கு அந்தச் சிறு எழுத்து தெரியாது. கலங்கிய வகை மருந்தைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஐஸ் கட்டும் தட்டில் மட்டும் வைக்க வேண்டாம், உறைந்தது பயன்படாது.

றமழான் வருமுன், ஆறேழு வாரங்களுக்கு முன்பே வைத்தியரைக் காணுங்கள். சஹர், இப்தார் நேரங்களுக்கேற்ப அளவை மாற்ற வேண்டியிருக்கும். சுயமாக மாற்றுவது ஆபத்து. தோலின் கீழ் ஏற்றும் ஊசியால் நோன்பு முறியாது என 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. ஆனால் ஊசி நோன்பை முறிக்குமா என்பதை விட, உடல் நோன்பைத் தாங்குமா என்பதே பெரிய கேள்வி. நோயாளிக்கு நோன்பைப் பிற்படுத்தும் சலுகை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில் இருக்கிறது. அதை ஏற்க வெட்கப்படும் வாப்பாமார் நம்மிடையே அதிகம்.

நோன்பிருப்பவருக்குத் திடீரென வியர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் உடனே விரலில் குத்திச் சீனியைப் பாருங்கள். டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் குறைந்திருந்தால், மஃரிபுக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் நோன்பை விடச் செய்து, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.