இரும்புச்சத்துக் குறைவு: காரணம் குடலில் இருக்கலாம்

‘ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறதாம், முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சேர்த்துக்கொள்.’ நம் இல்லங்களில் அடிக்கடி கேட்கும் அறிவுரை இது. தவறான அறிவுரை அன்று. வளரும் பிள்ளைகளுக்கும், மாதவிடாய்க் காலத்துப் பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இரும்புச்சத்தின் தேவை மிகுதி. அவர்களுக்கு அது குறைவதில் வியப்பில்லை. ஆனால் வயது வந்த ஓர் ஆணுக்கோ, மாதவிடாய் நின்றுவிட்ட ஒரு பெண்ணுக்கோ குறையும்போது உணவின்மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிட இயலாது. இரும்பு எங்கோ வெளியேறுகிறது; அல்லது உண்ட இரும்பு உடலில் சேரவில்லை. இரண்டும் நிகழும் இடம் பெரும்பாலும் இரைப்பையும் குடலுமே.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். உணவிலிருந்து நம் உடல் நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பையே உறிஞ்சிக்கொள்கிறது. இயல்பாக உதிரும் செல்களின் வழியே ஏறத்தாழ 1 மில்லிகிராம் அன்றாடம் வெளியேறுகிறது. வரவும் செலவும் இவ்வளவு நெருக்கமாக உள்ள இடத்தில், நாள்தோறும் ஒரு தேக்கரண்டி இரத்தம், அதாவது 5 மில்லிலிட்டர், குடலில் கசிந்தால் கூடுதலாக 2.5 மில்லிகிராம் இரும்பு போய்விடும். உடலின் சேமிப்பு சில மாதங்களில் கரையத் தொடங்கும். அந்த ஒரு தேக்கரண்டி இரத்தமோ மலத்தோடு கலந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. மலம் தார்போலக் கறுப்பதற்கு 50 மில்லிலிட்டரேனும் கசிந்தாக வேண்டும். வலியும் இருக்க வேண்டியதில்லை. ‘வயிற்றில் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே, டாக்டர், எதற்கு எண்டோஸ்கோபி?’ என்று கேட்போருக்கு இந்தக் கணக்கையே நான் விடையாகக் கூறுவது வழக்கம்.

கசிவுக்குக் காரணங்கள் பல. மூட்டுவலிக்கென மருந்துக்கடையில் தாமே வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள் இரைப்பையிலும் சிறுகுடலிலும் புண்களை உண்டாக்குகின்றன. இதயநோய்க்காக உட்கொள்ளும் ஆஸ்பிரினும் அவ்வாறு செய்யக்கூடும். எனினும் அதை மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவது பேராபத்து. வெறுங்காலுடன் வயல்வெளியில் நடப்போரின் தோல்வழியே நுழையும் கொக்கிப்புழு, சிறுகுடல் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சி வாழ்கிறது.

நாங்கள் தவறவிட அஞ்சுவது பெருங்குடலின் வலப்பக்கத்தில் தோன்றும் புற்றுநோயை. அங்கே குடல் அகன்றது; மலமும் நீர்த்த நிலையில் இருக்கும். ஆகவே கட்டி வளர்ந்தாலும் அடைப்போ மலச்சிக்கலோ நெடுநாள் தோன்றாமலிருக்கலாம். சோர்வும் படியேறுகையில் மூச்சுவாங்குவதுமே முதல் அறிகுறிகளாக அமைவதுண்டு. அந்நிலையில் கண்டறிந்தால் அறுவை சிகிச்சையால் முற்றிலும் குணமாகும் வாய்ப்பு நன்றாகவே உள்ளது.

கசிவே இல்லாமலும் இரும்பு குறையலாம். கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு கரைவதற்கு இரைப்பை அமிலம் தேவை. அது உறிஞ்சப்படுவது முன்சிறுகுடலில். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியால் வரும் நாட்பட்ட இரைப்பை அழற்சி, உடலின் எதிர்ப்பாற்றலே இரைப்பைச் சுவரைத் தாக்கும் நோய், அமிலத்தை அடக்கும் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் உண்பது ஆகியவை இவ்வழியைத் தடுக்கின்றன. கோதுமையிலுள்ள குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோய் முன்சிறுகுடலின் உட்சுவரையே சிதைக்கிறது. வட இந்தியாவைவிடத் தெற்கே இது அரிது; எனினும் மாத்திரை உண்டும் பயன் காணாதவர்களிடம் தேடிப் பார்க்கிறோம்.

மாத்திரையால் ஹீமோகுளோபின் உயர்ந்துவிட்டது என்பது காரணம் நீங்கியதற்குச் சான்று ஆகாது. 8 கிராம் இருந்தது 11 ஆகும்; மாத்திரையை நிறுத்திய சில மாதங்களில் மீண்டும் 8 ஆகும். ஓட்டைக் குடத்தில் நீரை ஊற்றுவது போன்றதே இது. அவ்வாறே, ‘எனக்குப் பைல்ஸ் இருக்கிறது, அதனால்தான்’ என்று தாமே முடிவுகட்டுவதும் வேண்டாம். மூலம் இருப்பவருக்குப் பெருங்குடலில் வேறு நோயும் இருக்கலாம் அல்லவா?

ஃபெரிட்டின் என்னும் இரத்தப் பரிசோதனை இரும்பின் சேமிப்பைக் காட்டும். 15-க்குக் கீழ் இருந்தால் குறைபாடு உறுதி. உடலில் அழற்சி இருந்தால் அது பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அடுத்து, மேல்வயிற்றுக்கு எண்டோஸ்கோபி, பெருங்குடலுக்குக் கொலனோஸ்கோபி. உட்சுவர் நலமாகத் தோன்றினும் சிறு திசுத் துணுக்குகளை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவோம். சீலியாக் நோய் கண்ணுக்குப் புலப்படாமலும் இருக்கும். இவ்விரண்டிலும் விடை கிட்டாமல் குறைபாடு தொடர்ந்தால், விழுங்கும் கேப்சூல் கேமரா சிறுகுடலைப் படமெடுத்துத் தரும்.

பரிசோதனைக்கு வரும்போது நாட்டு மருந்து, வலி மாத்திரை உட்பட நீங்கள் உண்ணும் அனைத்தையும் கையோடு கொண்டு வாருங்கள். இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும்; அதற்காக அஞ்ச வேண்டாம். ஆனால் அந்தக் கறுப்புப் படிவு குடலின் உட்சுவரை மறைத்துவிடும் என்பதால், கொலனோஸ்கோபிக்கு ஒரு வாரம் முன்பே இரும்பு மாத்திரையை நிறுத்திவிடச் சொல்வோம். பரிசோதனை முடிந்தபின் அதை எப்போது மீண்டும் தொடங்குவது என்பதைக் கேட்டறிந்து செல்லுங்கள்.