வெளியீட்டு நாளும் தற்காலிக ஊழியரும்
திறன்பேசிச் சில்லறை வர்த்தகம் பற்றிய ஒரு நோக்கு

பருவம் வரும்போது ஆட்களைச் சேர்த்து, அது முடிந்ததும் விலக்கிவிடும் வழக்கம் வேளாண்மையோடு தோன்றியதாகும். அறுவடைக்கு ஆள் தேடவேண்டிய நாளை வானமும் மண்ணும் நிர்ணயித்தன. நிலவுடைமையாளன் மழையை உண்டாக்கவில்லை. ஆனால், புதிய திறன்பேசியொன்று சந்தைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பாகக் கடைகளில் தோன்றி, நத்தார் கழிந்ததும் மறைந்துவிடும் தற்காலிக வேலைகளுக்கு இயற்கைக் காரணம் எதுவுமில்லை. இங்கு பருவமே ஆக்கப்படுகின்றது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டே இவ்வேலைகளின் தன்மையை நாம் நோக்குதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் அப்பிள் நிறுவனம் இதற்குத் தக்க உதாரணமாகும்.

முதலாவது ஐபோன் 2007 யூன் 29ஆந் திகதி மாலை 6 மணிக்கு விற்பனைக்கு விடப்பட்டது. அடுத்த மூன்று மாதிரிகளும் யூன், யூலை மாதங்களிலேயே வெளிவந்தன. 2011இல் ஒக்ரோபர் 14ஆந் திகதியும், 2012இல் செப்ரெம்பர் 21ஆந் திகதியும் தெரிந்தெடுக்கப்பட்டன. அதன்பின் முதன்மை மாதிரிகள் இலையுதிர்காலத்தில் வெளிவருவதே வழக்கமாயிற்று. திகதி மாற்றம் அற்ப விடயமாகத் தோன்றலாம். ஆயினும், வெளியீட்டுக்கான ஆட்சேர்ப்பும் நத்தார் விற்பனைக்கான ஆட்சேர்ப்பும் இதனால் ஒன்றோடொன்று இணைந்தன. செப்ரெம்பரில் அழைத்து, சனவரியில் அனுப்பிவிடத்தக்க ஒரு தொழிலாளர் கூட்டம் இப்பருவத்துக்கு மிகவும் வாய்ப்பானது.

2008இல் ஐபோன் 3ஜீ முதல் மூன்று நாள்களில் 10 இலட்சமும், 2012இல் ஐபோன் 5 அதே கால அளவில் 50 இலட்சமும், 2014இல் ஐபோன் 6 வகைகள் ஒரு கோடியும் விற்றதாகக் கம்பனி அறிவித்தது. இத்தகைய திடீர்ப் பெருக்கைச் சமாளிக்க நிரந்தர ஊழியரை வைத்திருத்தல் இயலாது என்பர் முகாமையாளர். வாதம் நியாயமானது போலத் தோன்றும். ஆனால், அப்பெருக்கை மூன்று நாள்களுக்குள் திரட்டியது யார்? மாதிரியை இறுதிவரை மறைத்து வைத்தல், பல நாடுகளில் ஒரே நாளில் கதவு திறத்தல், வரிசையையே விளம்பரமாக்குதல் ஆகிய யாவும் திட்டமிட்ட செயல்களே. வாங்குவோர் இரண்டு வாரம் பொறுத்து வாங்கியிருப்பின் எவருக்கும் தீங்கு நேர்ந்திராது. கேள்வியின் ஏற்றத்தால் வரும் இலாபம் கம்பனிக்கு. இறக்கத்தால் வரும் நட்டம் வேலை இழப்பவருக்கு.

கடையில் இவ்வூழியர் செய்வது யாது? வரிசையை ஒழுங்கு செய்தல், பழைய கருவியிலுள்ள விபரங்களைப் புதியதற்கு மாற்றிக் கொடுத்தல், உறையும் காப்புறுதியும் வாங்கும்படி இணக்குவித்தல், பொறுமையிழந்தோரைச் சாந்தப்படுத்தல் என்பன. 2008 யூலை 11ஆந் திகதி கருவியைக் கடையிலேயே இயக்கி வைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. மத்திய கணினிகள் தடைப்பட்டமையால் அவ்வேலை நின்றுபோயிற்று. பிழை எங்கோ நேர்ந்தது. கூட்டத்தின் முன்னே நின்றவர் விற்பனையாளரே. அவர்களுக்குச் சூட்டப்படும் பெயர்களோ 'நிபுணர்', 'மேதை' என்பன. இத்தகைய பட்டங்களைப் பல்கலைக்கழகங்கள் கூட இத்துணை தாராளமாக வழங்குவதில்லை! 2012இல் நியூ யோர்க் ரைம்ஸ் வெளியிட்ட ஆய்வின்படி, ஐக்கிய அமெரிக்காவில் அப்பிள் ஊழியர் 43,000 பேரில் ஏறத்தாழ 30,000 பேர் கடைகளில் வேலை செய்தனர். அவர்களுட் பலரது வருட வருமானம் 25,000 டொலர் அளவினதே. விற்பனைத் தரகும் கிடையாது.

அதே ஆண்டு நிகழ்ந்த ஒரு சம்பவம் பிரச்சினையைத் துலக்கமாகக் காட்டுகின்றது. சில்லறைப் பிரிவின் தலைவராகப் புதிதாகப் பொறுப்பேற்ற ஜோன் புரோவெற் கடைகளின் ஆட்பலக் கணக்கை மாற்றியமைத்தார்; ஊழியரின் வேலை நேரம் குறைந்தது. ஓகத்து மாதத்தில், அதாவது ஐபோன் 5 வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பாக, அது தவறு எனக் கம்பனியே ஒப்புக்கொண்டு மாற்றத்தைக் கைவிட்டது. ஒக்ரோபர் இறுதியில் அவரது விலகல் அறிவிக்கப்பட்டது. தனிமனிதர் சென்றார், கூட்டவும் குறைக்கவும் தக்க 'நேரம்' என ஊழியரைக் கணிக்கும் முறை சென்றுவிடவில்லை.

இது முற்றிலும் புதியதன்று. 1863 யூனில், வேல்ஸ் இளவரசியைக் கௌரவிக்கும் நடன விருந்துக்கான ஆடைகளைத் தைத்து முடிப்பதற்காக இருபத்தாறரை மணிநேரம் இடைவிடாது உழைத்த இருபது வயதுப் பெண்ணொருத்தி இலண்டனில் மரணமடைந்ததைக் கார்ல் மாக்ஸ் 'மூலதன'த்திற் பதிவு செய்துள்ளார். புகையிரதமும் தந்தியும் திடீர்க் கட்டளைகளைச் சாத்தியமாக்கியதால், நெருக்கடி உழைப்பும் வேலையின்மையும் மாறிமாறி வரும் பருவத் தொழில்கள் பெருகியதையும் அவர் அந்நூலிலேயே விளக்கினார். இன்றைய விற்பனையாளரின் நிலை அப்பெண்ணின் நிலையன்று. அவ்வாறு கூறுவது மிகைப்படுத்தலாகும். எனினும், அவசரத்தை ஒருவர் உண்டாக்க, அதற்கு இன்னொருவர் உடலால் ஈடுகொடுக்கும் உறவு இரண்டிலும் ஒன்றே.

கடைக்கு அப்பால், உற்பத்தித் தலத்திலும் இவ்வுறவே நிலவுகின்றது. முகவர்கள் வாயிலாக அனுப்பப்படும் தற்காலிகத் தொழிலாளர் ஒரு நிறுவனத்தின் ஆட்பலத்தில் 10 வீதத்தை மிஞ்சலாகாது என்னும் விதி சீனாவில் 2014இல் நடைமுறைக்கு வந்தது. செங்சோ நகரின் பொக்ஸ்கொன் ஆலையில், புதிய மாதிரிக்கான உற்பத்திப் பருவத்தில், இவ்வகைத் தொழிலாளர் தொகை அளவுக்கு மிஞ்சியிருந்ததை 2019 செப்ரெம்பரில் இரு கம்பனிகளும் ஏற்றுக்கொண்டன. செங்சோவில் கூட்டிச் சேர்க்கப்படுபவரும் நியூ யோர்க்கில் கூட்டிச் சேர்க்கப்படுபவரும் ஒரே நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டவர்கள்.

2015 அளவில் அப்பிள் தனது வாடிக்கையாளரை இணையவழியில் முன்பதிவு செய்யும்படி ஊக்குவிக்கத் தொடங்கிற்று. வரிசைகள் குறுகின, தற்காலிக உழைப்பின் ஒரு பகுதி களஞ்சியத்துக்கும் விநியோக வண்டிக்கும் பெயர்ந்தது. அங்கு அதனைக் காண்பவர் இல்லை.

அமைப்பு ரீதியாக இவர்கள் திரள்வது எளிதன்று. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய தொழில் உறவுகள் சபையின் நடைமுறைப்படி, மீண்டும் அழைக்கப்படுவாரென நியாயமாக எதிர்பார்க்கத்தக்க பருவகால ஊழியரே தொழிற்சங்க வாக்கெடுப்பிற் பங்குகொள்ளலாம். அழைப்பதும் அழையாமல் விடுவதும் தொழில்தருநரின் கையிலுள்ளன. 2022 யூன் 18ஆந் திகதி மேரிலாந்தின் ரௌசன் நகரக் கடை ஊழியர் 65க்கு 33 என்ற வாக்குகளால் சங்கம் அமைத்தனர். அந்நாட்டு அப்பிள் கடைகளில் இதுவே முதலாவது. சம்பளத்தோடு வேலை நேர ஒழுங்கும் அவர்களது பேச்சுவார்த்தையில் முக்கிய இடம்பெற்றது. முதலாவது கூட்டு ஒப்பந்தத்தை எட்ட அவர்களுக்கு 2024 வரை இரண்டு ஆண்டுகள் சென்றன. செப்ரெம்பர் முதல் சனவரி வரை மட்டுமே வேலையிலிருக்கும் ஒருவருக்கு இரண்டு ஆண்டுகள் என்பது ஐந்து வேலைக்காலங்களுக்குச் சமமானது.