மூன்று புலி, பதினைந்து ஆடு, ஒரு கைக்குட்டை

பிள்ளைகளோடு மலையேறப் போகிற வீட்டில் பையைக் கட்டுவதே ஒரு பஞ்சாயத்து. தண்ணீர், மழைக்கோட்டு, மருந்து, மாற்றுத்துணி எல்லாம் போக விளையாட்டுச் சாமானுக்கு மிஞ்சுவது உள்ளங்கை அளவு இடம்தான். அதற்காக ஒன்றும் இல்லாமல் போகவும் முடியாது. நாலு மணிக்கே கூடாரம் போட்டாயிற்று, இருட்ட இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது, செல்போனில் சிக்னல் இல்லை என்றால் பத்து வயதுப் பிள்ளை யாரை நச்சரிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நடக்கும்போது சாமான் எதுவும் வேண்டாம். ஒற்றையடிப் பாதையில் விடுகதையும் பாட்டுக்குப் பாட்டும் போதும். மூச்சு வாங்கும் ஏற்றத்தில் அவையும் தாமாக அடங்கிவிடும். உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தைத்தான் பார்த்து எடுக்க வேண்டும். சீட்டுக்கட்டு மலைக்காற்றுக்கு ஆகாது, பனியில் நமத்துப்போகும், 52-இல் ஒன்று தொலைந்தால் மிச்சம் 51-ம் வீண். தாயக்கட்டை சரிவில் உருண்டால், அதைத் தேடப் போன பிள்ளையை நாம் தேட வேண்டும். காந்தம் வைத்த சதுரங்கப் பலகை பறக்காது, உருளாது. ஆனால் எட்டு வயது மகளும் அப்பாவும் சதுரங்கம் ஆடினால், ஒன்று அவள் தோற்பாள், இல்லாவிட்டால் அப்பா வேண்டுமென்றே தோற்பார். இரண்டாவது அவளுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு கூடாரத்துக்குள் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள்.

ஆடுபுலி ஆட்டத்தில் இந்தத் தொல்லை குறைவு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற விதியே அதில் கிடையாது. ஒருவர் கையில் 3 புலிகள், எதிராளி கையில் 15 ஆடுகள். அப்பா புலியாக இருக்கட்டும். அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆடுகளை நடத்தட்டும்.

கட்டம் போட இரண்டு நிமிடம் போதும். உச்சியில் ஒரு புள்ளி வைத்து அதிலிருந்து விரிந்து இறங்கும் நான்கு கோடுகள். நான்கையும் வெட்டிக்கொண்டு குறுக்கே மூன்று கோடுகள். இவை இரண்டு பக்கமும் வெளியே நீண்டிருக்க வேண்டும். நீண்ட நுனிகளை இடப்பக்கம் ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு போட்டு மேலிருந்து கீழாக இணைக்க வேண்டும். கடைசியில் நான்கு கோடுகளின் அடியையும் சேர்த்து இன்னொரு குறுக்குக்கோடு. இது வெளியே நீளாது. கோடுகள் சந்திக்கும் இடங்களை எண்ணினால் 23 வரும்.

உச்சியில் ஒரு புலி, அதற்கு நேர் கீழே உள்ள இரண்டு புள்ளிகளில் இரண்டு புலி என்று தொடங்குவது வழக்கம். ஆட்டுக்காரர் முறைக்கு ஓர் ஆட்டை இறக்குவார். புலிக்காரர் ஒரு புலியைப் பக்கத்துப் புள்ளிக்கு நகர்த்துவார். 15 ஆடும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. பக்கத்தில் ஆடு இருந்து, அதே கோட்டில் அதற்கு அப்பால் உள்ள புள்ளி காலியாக இருந்தால் புலி தாவி ஆட்டை எடுத்துக்கொள்ளும். மூன்று புலிகளும் நகர வழியின்றி அடைபட்டால் ஆட்டுப் பக்கம் ஜெயித்தது. எத்தனை ஆடு போனால் புலி ஜெயிக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆரம்பத்திலேயே பேசிக்கொள்வது வீட்டுக்கு நல்லது.

இதற்குள் இருக்கும் கணக்கைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விடலாம். பெரியவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். ஆட்டைத் தாண்ட, அதற்கு முன்னும் பின்னும் ஒரே கோட்டில் புள்ளி இருந்தாக வேண்டும். கோடுகள் முடிகிற இடத்தில் பின்னால் புள்ளியே இல்லை. உச்சி, பக்கவாட்டுச் செவ்வகத்தின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரண்டு முனைகள் ஆகிய ஏழு புள்ளிகளில் நிற்கும் ஆட்டை எந்தப் புலியும் தொட முடியாது. உச்சியில் புலி உட்கார்ந்திருப்பதால் முதலில் கிடைப்பது ஆறு. அங்கே ஆடுகளை இறக்கிவிட்டு மிச்சத்துக்கு யோசிப்பது நல்ல தொடக்கம்.

அந்த மூலைகளே புலிக்குப் பொறியும்கூட. மூலையில் நிற்கும் புலிக்கு இரண்டே வழி. இரண்டு பக்கத்திலும் ஒட்டி ஓர் ஆடு, அதன் பின்னால் இன்னோர் ஆடு என்று நான்கு ஆடுகள் நின்றால் அது அசையாது. உச்சியில் இருந்தால் அதே வேலைக்கு எட்டு வேண்டும். மூன்று புலிகளைத் தனித்தனி மூலையில் அடைக்க 12 ஆடு. கையில் இருப்பதோ 15. சில ஆடுகளை இரண்டு புலிக்கும் பொதுவாக நிறுத்தினால் கொஞ்சம் மிச்சமாகும். நாலைந்து ஆடு போனதும் ஆட்டுக்காரர் முகம் வாடுவது இதனால்தான்.

தெலுங்கில் புலிஜூதம், கன்னடத்தில் ஆடு ஹுலி என்று இதன் சொந்தக்காரர்கள் தெற்கே பலர். நேபாளத்தில் பாக்சால்: 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு, ஐந்து ஆடு போனால் புலி ஜெயித்தது. கணினியை வைத்து அதை அலசியவர்கள், இரு பக்கமும் பிழையின்றி ஆடினால் சமனில்தான் முடியும் என்று கண்டார்கள். பிழையின்றி ஆடும் குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

பழைய மண்டபத் தரைகளிலும் பாறைகளிலும் இந்தக் கட்டம் செதுக்கியிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதைப் பார்த்து நாமும் பாறையைக் கீற வேண்டாம். பெரிய வெள்ளைக் கைக்குட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் வீட்டிலேயே போட்டுக்கொண்டால் எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. அட்டை ஊரும் மழைக்காலத்தில் கூடாரத்துக்குள் பாய்மேல் விரிக்கலாம். நாலு மூலைக்கும் நாலு கல். ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்கு மூன்று கூழாங்கல். எது தொலைந்தாலும் அங்கேயே இன்னொன்று கிடைக்கும்.

ஆறு வயதுக்குக் கீழே என்றால் புலியை இரண்டாகக் குறைத்துப் பாருங்கள். ஆட்டம் பாதியில் இருக்கும்போது சோறு வெந்துவிட்டால் செல்போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டு கைக்குட்டையை மடித்துவிடலாம். சாப்பிட்டு வந்ததும் எந்த ஆடு எங்கே நின்றது என்று சண்டை வராது. சிக்னல் இல்லாத இடத்தில் அந்தக் கருவிக்கும் ஒரு வேலை வேண்டுமே.